சிவப்பு மங்கும்வரை

இந்த மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், ஐயா. பேரிங் காய்ந்துபோய்க் கிடக்கிறது. சத்தம் சின்னதுதான், ஆனால் இப்படிப்பட்ட சத்தங்கள் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தலை நரைக்கும்வரை இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். எது ஒழுங்காக ஓடுகிறது, எது ஓடுகிறமாதிரி நடிக்கிறது என்று கேட்டே சொல்லிவிடுவேன்.

உட்கார்ந்து பேசச் சொல்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், முடியவில்லை. கொஞ்ச காலமாகவே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. சுவருக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் இடம் இருக்கிறது, நடந்துகொண்டே சொல்கிறேன். எழுதுகிறவர் பயப்பட வேண்டாம். கால்தான் ஓடும், வாய் நிதானமாகத்தான் வரும்.

வார்ப்பாலையில் உலைப் பொறுப்பு என்னுடையது. நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: பழுக்கச் சுட்டதை அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டதால்தானே கல் கிரஷரில் அந்தச் சுத்தியல் உடைந்தது என்று. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். மற்ற எஃகு அப்படித்தான். சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் விறைத்துக்கொள்ளும், அப்புறம் ஓங்கி அடித்தால் ஒடிந்துபோகும். மாங்கனீஸ் எஃகு இதற்கு நேர்மாறு. அச்சிலிருந்து எடுத்தபடி விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதை மஞ்சளாக ஒளிர்கிறவரை உலையில் வைத்து, உள்ளே இருக்கிற கரியெல்லாம் கரைந்து கலந்த பிறகு, அந்தச் சூடு இறங்குவதற்கு முன்னால் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். இறக்கிவிட்டால் பிறகு என்ன அடி அடித்தாலும் நசுங்கும், வளையும், உடையாது. அடி வாங்க வாங்க மேல்தோல் இறுகிக்கொண்டே போகும். கல் உடைக்கிற இயந்திரத்துக்கு அதனால்தான் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

தாமதித்தால்தான் ஆபத்து. மஞ்சள் சிவப்பாகி, சிவப்பு மங்குகிறவரை காற்றில் விட்டால், கரைந்த கரி திரும்பப் பிரிந்து உள்ளே மணிமணியாக இருக்கிற உலோகத்தின் இடுக்குகளில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அப்புறம் தண்ணீரில் போட்டும் புண்ணியமில்லை. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாது. அதே எடை, அதே நிறம், கையால் தடவினால் அதே சொரசொரப்பு. எங்கள் இன்ஜினியர் உங்களுக்கு வரைபடம் போட்டு விளக்கியது எல்லாம் சரிதான், நல்ல படிப்பாளி. அவருக்குப் புரியாதது ஒன்றுதான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாதவன் அன்றைக்கு எப்படித் தவறினான் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார். நான் தவறவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து நான்தான் எல்லாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது, உங்கள் காகிதத்தில் போட்டிருப்பீர்கள். எனக்குப் பாப்பாதான். சாப்பிடும்போது கதை கேட்பாள். எனக்கு என்ன கதை தெரியும், உலையைப் பற்றிச் சொல்வேன். "மாங்கனீஸ் என்ன ஆகும்?" என்று கேட்டால், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "நசுங்கும், உடையாது" என்பாள். அப்படி ஒரு விளையாட்டு எங்களுக்குள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதற்கு? வீடு நிறைந்துதான் இருந்தது.

நடுவில் தெருமுனையில் ஒரு தையல்காரர் இருந்தார். பாப்பா துணி தைக்கக் கொடுத்தாள். அளவு சரியில்லை என்று திரும்பப் போனாள், மறுபடியும் போனாள். தைக்கிறவர் ஒருவர் அத்தனை தடவை அளவு தப்ப மாட்டார். பிறகு அந்தக் கடையில் தீப்பிடித்தது, அவர் ஊரை விட்டுப் போனார். அது வேறு விஷயம், நீங்கள் அதைக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை நானே பார்த்துத்தான் கட்டிவைத்தேன். கட்டாயத்துக்குச் செய்த கல்யாணம் இல்லை. கல் கிரஷரில் மேற்பார்வை வேலை. கிரஷர் எங்கள் வார்ப்பாலைக்குப் பின்னால், மண்பாதையில் நடந்தே போய்விடலாம். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பாப்பா தினமும் வருவாள், ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மாப்பிள்ளை முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "வாங்க மச்சான், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்பார். வெறும் வாய் வார்த்தை இல்லை, நிஜமாகவே தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். குறை சொல்ல முடியாத மனுஷர், ஐயா. அதுதான் பெரிய சங்கடம். ஒரு நாள் குடித்துவிட்டு வந்தார், ஒரு நாள் கையை ஓங்கினார் என்றால் பாப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்திருப்பேன். அப்படி ஒரு வழியும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பாப்பா சொன்னாள்.

"அண்ணா, இவருக்குப் பெரிய குவாரியில வேலை கிடைச்சிருக்கு. குவார்ட்டர்ஸ் தர்றாங்களாம். குழாயைத் திறந்தா எந்நேரமும் தண்ணி வருமாம்."

"எங்கே?"

"கொஞ்சம் தூரந்தான். பஸ்ல ஒரு ராத்திரி போகணும்."

அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு யாருக்காவது அப்படி முகம் மலருமா? நான் துண்டை எடுத்துக் கை துடைத்தேன். "நல்ல விஷயந்தான்" என்றேன். மாப்பிள்ளை, "நீங்களும் எங்ககூட வந்துடுங்க மச்சான். உங்களை விட்டுட்டு எங்களுக்கு என்ன இருக்கு?" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் நிஜமாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒருவர் வீட்டில் ஒட்டிக்கொண்டு இருப்பதற்கா நான் அவளை வளர்த்தேன்?

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். நாற்காலி, கட்டில், கொடியில் என் சட்டை. அவ்வளவுதான். பயமாக இருந்தது, ஐயா. அதை ஒளிக்க என்ன இருக்கிறது? அன்றைக்குத்தான் இந்த நடை ஆரம்பித்தது. வாசலுக்கும் கொல்லைக்கும், கொல்லைக்கும் வாசலுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தக் கிரஷருக்கு வேண்டிய சுத்தியல்கள் எங்களிடம்தான் வார்ப்பது. சுத்தியல் என்றால் கையில் பிடிக்கிறது இல்லை. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கட்டிகள். உருளையில் வரிசையாகத் தொங்கும், உருளை சுழலச் சுழல உள்ளே விழுகிற கல்லை அடித்து நொறுக்கும். நல்ல மாங்கனீஸ் சுத்தியல் தேயும், நசுங்கும், அவ்வளவுதான். உடைந்தது என்றால், அந்த வேகத்தில் சுற்றுகிறதன் பாதி, கல் கொட்டுகிற வாய்ப்பக்கமாகத் திரும்பிப் பறக்கும். வாய்க்கு மேலே ஒரு மேடை இருக்கிறது, கல் சிக்கினால் அங்கே நின்றுதான் கம்பியால் தள்ளிவிட வேண்டும். மாப்பிள்ளை அந்த மேடையில் வேலையாட்கள் யாரையும் ஏற விடமாட்டார். "குடும்பஸ்தன்லாம் கீழே நில்லுங்கப்பா" என்று சொல்லி, தானே ஏறி நிற்பார். அவர் குடும்பஸ்தர் இல்லையா என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்கிறவன் இல்லை. வேறு ஒருவருக்கு ஆபத்து வரும் என்றிருந்தால் அந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அன்றைக்கு அந்தச் சுத்தியல்களை இரண்டு கூடையில் அடுக்கி உலையில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு சோதனைக் கம்பியும் வைப்போம். சரக்கோடு வெந்து, சரக்கோடு தண்ணீரில் இறங்க வேண்டிய கம்பி. மறுநாள் அதை வளைத்துப் பார்ப்பார்கள். ஒடிந்தால் சரக்கு மொத்தமும் மறுபடி உலைக்கு. வளைந்தால் வண்டிக்கு. கம்பி அழகாக வளைந்ததே, சுத்தியல் எப்படி உடைந்தது என்று நீங்கள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டீர்களே, அதில் ஒரு மர்மமும் இல்லை. கம்பியை முதல் கூடையில் வைத்தேன். முதல் கூடை கதவு திறந்த வேகத்தில் தண்ணீருக்குள் போனது. இரண்டாவது கூடையை வெளியே எடுத்ததும் தரையில் வைக்கச் சொன்னேன்.

கிரேன்காரர் மேலேயிருந்து கத்தினார். "அண்ணே, என்னாச்சு? சிவப்பு இறங்குது, அண்ணே."

"கொக்கியில ஏதோ கோளாறு. பொறு, பார்க்கறேன்."

கொக்கியைப் பார்த்தேன். கொக்கிக்கு ஒரு குறையும் இல்லை. மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. சிவப்பு கறுக்க ஆரம்பித்து, ஓரங்கள் முதலில் மங்கின. எத்தனையோ வருடமாக ஓட ஓட விரட்டித் தண்ணீரில் இறக்கியே பழகிய கை. சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உடம்பு பூராவும், இறக்கு, இறக்கு என்றது. நான் நின்றேன். நடுவில் மட்டும் லேசாகச் சிவப்பு இருக்கும்போது இறக்கச் சொன்னேன். தண்ணீர் எப்போதும் போடுகிற சத்தத்தைக்கூடப் போடவில்லை.

கிரேன்காரர் இறங்கி வந்து, "இதை மறுபடி உலைக்கு ஏத்திடலாமாண்ணே?" என்றார். தங்கமான பிள்ளை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாங்கனீஸில் அது ஒரு வசதி. கெட்டுப்போனாலும் மறுபடி சுட்டு, உடனே முக்கினால் பழையபடி நல்லதாகிவிடும். "நான் பார்த்துக்கறேன், நீ போய் டீ குடி" என்றேன். அவர் போய் டீ குடித்தார். சுத்தியல்கள் வண்டியேறின.

அதற்குப் பிறகுதான் ஐயா, நான் பட்ட பாடு. ஒருவரை வெட்டுகிறவனுக்கு வெட்டியதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அப்படி இல்லை. அது இன்றைக்கு உடையுமா, அடுத்த வாரம் உடையுமா, அவர்கள் பஸ் ஏறிய பிறகு உடையுமா, ஒன்றும் தெரியாது. அங்கே பாப்பா மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். நானே போய்க் கயிறு இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். வார்ப்பாலைப் பின்வாசலில் நின்றால் கிரஷர் ஓடுவது கேட்கும். எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது அங்கேதான். மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். கேட்டுவிட்டு வருவேன், மறுபடி ஓடுவேன். பையன்கள், "அண்ணனுக்கு வயிறு சரியில்ல" என்று சிரித்தார்கள்.

ஒரு நாள் சத்தம் சட்டென்று நின்றது. மண்பாதையில் எப்படிப் போனேன் என்றே தெரியாது. போனால் மின்சாரம் போயிருக்கிறது. மாப்பிள்ளை நிழலில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், இப்படி மூச்சு வாங்குது? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போது கால் கனத்தது, அவ்வளவுதான்.

உங்கள் மேசையில், அந்தக் கண்ணாடிக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்லு இருக்கிறதே. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இருந்தேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அதைக் கைக்குட்டையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாப்பாவும் கூட வந்தாள். உருளையைத் திறந்து பார்க்கும்போது ஒரு சுத்தியலின் ஓரம் பெயர்ந்திருந்ததாம். உடைந்த முகம் சர்க்கரை மாதிரி மின்னியது. நல்ல மாங்கனீஸ் அப்படி மின்னாது.

"யார்கிட்டயும் சொல்லல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "புகார் எழுதினா உங்க தலையிலதான் விழும். நான் கிளம்புற நேரத்துல உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வர வேணாம். நீங்க பாத்துச் சொல்லுங்க. ஓட்டலாமா, கழட்டிடட்டுமா?"

கழற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. நீங்கள் அதைத்தான் நினைக்கிறீர்கள், தெரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் கழற்றினால் என்ன ஆகும்? இரண்டு பேரும் பஸ் ஏறுவார்கள்.

"வார்ப்புத் தோல், மாப்பிள்ளை. ஓரத்துல கொஞ்சம் உதிரத்தான் செய்யும். ஓட ஓட இறுகிடும்" என்றேன். ஓட ஓட இறுகும் என்பது பொய் இல்லை, ஐயா. நல்லதுக்கு அது உண்மை.

பாப்பா அந்தச் சில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நசுங்கும், உடையாதுன்னு நீதானேண்ணா சொல்லுவே?"

"அது தகட்டுக்குச் சொன்னதும்மா. சுத்தியலுக்கு வேற கணக்கு."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாப்பிள்ளை எழுந்துகொண்டார். பாப்பா சில்லைக் கீழே வைக்கவில்லை. முந்தானை நுனியில் முடிந்துகொண்டு போனாள்.

பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலையில் பாக்கி கொஞ்சம்தான். ஒரு நாள் மதியத்துக்கு முன்னால், நான் உலைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, கிரஷர் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு தட்டல். பிறகு எல்லாம் நின்றது. இது மின்சாரம் போனது இல்லை என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. பையன்கள் எல்லாம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. உலைக்குள் சரக்கு தயாராக இருந்தது. கிரேன்காரரை நிறுத்தி, அதை ஒழுங்காகத் தண்ணீரில் இறக்கிவிட்டுத்தான் போனேன். அந்தச் சரக்கில் ஒரு பழுது கண்டுபிடிக்க முடியாது, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை அதிகம் கஷ்டப்படவில்லை என்று வைத்தியர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாதே.

பாப்பா என் எதிரில் அழவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, கட்டிலைத் துடைத்து வைத்திருந்தேன். வாசற்படியில் நின்று ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தாள்.

"எப்பண்ணா வெள்ளையடிச்சே?"

"சுத்தியல் வண்டியேறின வாரம்" என்றேன். வாய்தவறி வந்தது இல்லை. நான் பாப்பாவிடம் பொய் சொல்வதில்லை, சின்ன வயதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அவள் தலையை ஆட்டினாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்று போனாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அவளுக்குப் பதிலாக உங்கள் ஆட்கள் வந்தார்கள். சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அணைக்கக்கூட விடவில்லை.

அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அடிபட்ட பிள்ளை, கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசத்தான் செய்யும். கொஞ்ச நாள் போனால் யோசிப்பாள். தன்னை இந்த அளவுக்கு நினைக்க ஒரு ஆள் இந்த உலகத்தில் உண்டா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பாள். பார்த்தால் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஆமாம், சுத்தியலைக் கெடுத்தவன் நான். கெட்டது என்று தெரிந்தே ஓட்டச் சொன்னவன் நான். அவரை நான்தான் கொன்றேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டுச் சாவியைப் பாப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். அறை காற்றோட்டமாக இருக்கும், வெள்ளை வாசனை இந்நேரம் போயிருக்கும் என்று சொல்லுங்கள்.

போய்விட்டாளா? எப்போது?

அந்தக் குவாரிக்கேவா? அவளுக்கே அலுவலகத்தில் வேலை தருகிறார்களா? தண்ணீர்க் குழாய் உள்ள வீடும் உண்டா? சரி. நல்ல விஷயந்தான்.

இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை. நான் நிற்கிறேனே, பாருங்கள், நடக்கக்கூட இல்லை. ஒரு ராத்திரிப் பயணம், ஐயா. பெண்பிள்ளை. துணைக்கு யாராவது போயிருக்கிறார்களா?

மாப்பிள்ளையின் தம்பியா? துக்க வீட்டில் பார்த்தேன், அமைதியான பையன். பாப்பா எழுந்திருக்கும்போது செருப்பை எடுத்து அவள் கால்பக்கம் நகர்த்தி வைத்தான். குறை சொல்ல முடியாத பிள்ளை மாதிரித்தான் இருந்தான்.

அவன் எங்கே வேலை பார்க்கிறான், ஐயா? என்ன வேலை?